ஒரே ரெஸ்யூமே போதுமா, துறைக்கு ஒன்று வேண்டுமா?

வேலை மாற நினைக்கும் வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "எனக்கு இருப்பது ஒரே அனுபவம். விண்ணப்பிப்பதோ மூன்று நான்கு துறைகளுக்கு. எல்லா இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பலாமா, தனித்தனியாக எழுதணுமா, இல்லை காசு கொடுத்து யாரிடமாவது எழுதி வாங்கிவிடலாமா?"

பொதுவாகப் பேசினால் பதில் வழவழவென்று போய்விடும். அதனால் ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். பி.இ. மெக்கானிக்கல். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து வருடமாகக் குவாலிட்டி இன்ஜினியர். ஷிஃப்ட் அலுத்துவிட்டது, சம்பளம் நகரவில்லை. நான்கு பக்கமும் கண் போகிறது: அதே துறையில் வேறு கம்பெனி, ஐடியில் டேட்டா அனலிஸ்ட், பாலிடெக்னிக்கிலோ பயிற்சி மையத்திலோ கற்பிக்கும் வேலை, வளைகுடாவில் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களில் க்யூசி (தரக் கட்டுப்பாட்டு) இன்ஸ்பெக்டர். ஓசூரிலும் கோவையிலும் இப்படி நான்கு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், தாளைக் கையில் எடுப்பவர் யார் என்பது. உதிரிபாகக் கம்பெனிக்குப் பெரும்பாலும் ஒரு கன்சல்டன்சி ஆள்தான் நௌக்ரி வேலைத் தளத்தில் தேடி எடுத்துத் தருகிறார். "பிபிஏபி, எஃப்எம்இஏ, மெஷினிங், சென்னை, நோட்டீஸ் 30 நாள்" என்று துறைச் சொற்களை அவர் தட்டும்போது வரும் பட்டியலில் நீங்கள் இருக்க வேண்டும். பெரிய ஐடி கம்பெனியில் விண்ணப்பம், வருபவற்றைச் சேமித்து வரிசைப்படுத்தும் ஏடிஎஸ் மென்பொருளுக்குள் போய், பிறகு ஹெச்ஆர் கண்ணில் படும். கல்லூரியில் முதல்வரோ துறைத் தலைவரோ நேராகக் கல்வித் தகுதிப் பகுதிக்குத்தான் போவார். வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று டிக் அடிப்பார். உங்கள் சாதனைக் கதையைப் படிக்க அவருக்கு நேரமில்லை.

இரண்டாவது, நேரம். வேலையில் இருந்துகொண்டே தேடுபவருக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் எத்தனை விண்ணப்பம் போட முடியும்?

மூன்றாவது, முரண். நீங்கள் அனுப்பிய தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அவை ஒரே ஆளைப் பற்றிப் பேசுகின்றனவா? நான்காவது, நேர்காணலில் ஒவ்வொரு வரியைப் பற்றியும் உங்களால் ஐந்து நிமிடம் பேச முடியுமா?

முதல் இரண்டை வைத்தே பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். நேர்காணலிலும் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகும் ஆளைக் கவிழ்ப்பவை கடைசி இரண்டும்தான்.

## வழி 1: எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூமே

நேரம் மிச்சம். முரண் வர வழியே இல்லை. எழுதியது நீங்களே என்பதால் நேர்காணலிலும் தடுமாற மாட்டீர்கள். மூன்று அளவுகோலில் இது நன்றாகத் தேறுகிறது.

தோற்பது முதல் அளவுகோலில். நான்கு துறைக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதும்போது எந்தத் துறைக்கும் ஒட்டாத வரிகள்தான் மிஞ்சும். "பெயர்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியை நாடுகிறேன்" என்ற அந்தப் பழைய ஆப்ஜெக்டிவ் வரி பிறப்பது இங்கேதான். கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் ஒரே பத்திரிகையை அச்சடித்த மாதிரி இருக்கும்.

இதற்கு மறைமுகமான செலவு ஒன்று உண்டு. நூறு இடத்துக்கு அனுப்பி நான்கு இடத்திலிருந்து பதில் வந்தால், குறை தாளிலா தகுதியிலா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. எதைத் திருத்துவது என்றும் புரியாது. மனம்தான் சோர்ந்துபோகும்.

இருந்தாலும் இதுவே சரியான வழியாக இருக்கும் இடங்கள் உண்டு. அதே துறையில், அதே வகை வேலைக்கு மாறுகிறீர்கள் என்றால் ஒரு நல்ல ரெஸ்யூமே போதும், அதை மாற்றி மாற்றி எழுதுவது வீண் வேலை. பழைய சீனியர் ஒருவர் தன் மேனேஜரிடம் நேரடியாகக் கொடுக்கிறார் என்றாலும் அப்படியே, அங்கே தாளைவிட அவர் வாய்ச்சொல்தான் வேலை செய்யும். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, டிஆர்பி என்று போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அங்கே ஆளைத் தேர்வு செய்வது விண்ணப்பப் படிவமும் மதிப்பெண்ணும்.

## வழி 2: துறைக்கு ஒன்று

நான்கு பக்கம் பார்க்கும் நம் ஆளுக்கு என் வாக்கு இதற்குத்தான். ஆனால் இதைச் செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஒரு மாஸ்டர் காப்பி எழுதிக்கொள்ளுங்கள். இதை யாருக்கும் அனுப்பப்போவதில்லை, நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்து வருடத்தில் செய்த ஒவ்வொன்றும், எண்களோடு, அதில் இருக்க வேண்டும்: எந்த லைன், எந்தப் பாகம், எந்த ஆடிட்டில் உட்கார்ந்தீர்கள், யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், எந்த மென்பொருள். கம்பெனியை விட்டு வந்த பிறகு இந்த எண்கள் ஞாபகத்துக்கு வராது, கேட்டு வாங்கவும் முடியாது. வேலையில் இருக்கும்போதே எழுதிவைப்பது நல்லது. வாடிக்கையாளர் பெயர், டிராயிங் நம்பர் போன்ற ரகசியங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்த மாஸ்டரிலிருந்து துறைக்கேற்றபடி எடுத்து அடுக்குவதுதான் மீதி வேலை. எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு சம்பவம். எந்திரத்தில் கடைந்து வரும் ஒரு பாகத்தில் ரிஜெக்ஷன் அதிகம். நம் ஆள் எட்டு மாதம் ஷிஃப்ட் வாரியாக ஆய்வுத் தரவைச் சேர்த்து மினிடாப் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார். கட்டிங் டூலின் ஆயுள் முடியும் நேரத்தில் அளவு நகர்கிறது என்று தெரிகிறது. டூல் மாற்றும் இடைவெளியைக் குறைக்கிறார், தமிழில் படங்களோடு ஒரு வேலைமுறைத் தாள் எழுதி 14 ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். ரிஜெக்ஷன் 1800 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் பாகத்துக்கு 1800) 600க்கு இறங்குகிறது. ரெஸ்யூமேயில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறார், பொருளை மட்டும் இங்கே தமிழில் பார்ப்போம்.

அதே துறைக்கான ரெஸ்யூமேயில் பிபிஎம் முன்னால் வரும். 1800லிருந்து 600, எட்டு மாதத் தரவை வைத்து, எந்த வகைப் பாகம், குறையின் காரணத்தையும் தீர்வையும் பதியும் 8டி ரிப்போர்ட் போட்டாரா, அதற்கேற்ப எஃப்எம்இஏவையும் கண்ட்ரோல் பிளானையும் திருத்தினாரா, வாகனத் துறைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 ஆடிட்டில் இதைக் காட்டினாரா. அந்தத் தாளைப் படிப்பவருக்கு இந்தச் சொற்கள் எல்லாம் தெரியும், விளக்கம் தேவையில்லை.

டேட்டா அனலிஸ்ட் ரெஸ்யூமேயில் பாகம் பின்னுக்குப் போகும், தரவு முன்னுக்கு வரும். எத்தனை மாதத் தரவு, என்ன வடிவில் இருந்தது, எப்படிச் சுத்தம் செய்தார், எந்தக் காரணிகளைப் பிரித்துப் பார்த்தார், அந்த முடிவை வைத்து நிர்வாகம் என்ன மாற்றம் செய்தது. சிபிகே என்று மட்டும் எழுதினால் ஐடி ஹெச்ஆருக்கு ஒன்றும் புரியாது, "புள்ளியியல் முறையில் செயல்திறனை அளந்தேன்" என்பது புரியும். இன்னொன்று: தொழிற்சாலையில் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லைத் தொடவே இல்லை என்றால் அதைத் தொழிற்சாலை அனுபவத்துக்குக் கீழே செருகக் கூடாது. தனியாகக் கற்று ஏதாவது செய்திருந்தால் 'சொந்தத் திட்டங்கள்' என்று தனித் தலைப்பு. தரவைப் படமாகக் காட்டும் பவர் பிஐ டாஷ்போர்டு ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்திருந்தால் அதற்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு.

கற்பிக்கும் வேலைக்கான ரெஸ்யூமேயில் அந்த 14 ஆபரேட்டர்கள்தான் நாயகர்கள். தமிழில் எழுதிய வேலைமுறைத் தாள், இரண்டு ஷிஃப்டிலும் எடுத்த வகுப்பு, பயிற்சிக்குப் பின் வைத்த சோதனை, தேறாதவர்களுக்கு மறுபடி எடுத்தது. பிபிஎம் கணக்கு கடைசியில் ஒரு வால் போல வந்தால் போதும். ஆனால் இங்கே கதைக்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. பாலிடெக்னிக் விரிவுரையாளருக்கு, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ விதிப்படி அந்தப் பிரிவில் பி.இ. முதல் வகுப்பு வேண்டும். பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் என்றால் எம்.இ.யும் வேண்டும். ஐடிஐ பயிற்றுநர் வேலைகளில் சிஐடிஎஸ் என்ற பயிற்றுநர் சான்றிதழைக் கேட்பார்கள், கிண்டியில் இருக்கும் தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் அதைப் படிக்கலாம். கல்வித் தகுதியை இரண்டாம் பக்கத்தின் அடியில் வைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும், முதல் பக்கத்தின் மேலேயே வரட்டும்.

வளைகுடா ரெஸ்யூமேயில் இந்தச் சம்பவம் ஒரே வரியாகச் சுருங்கிவிடும். சிலருக்கு இது கசக்கும். குழாய், வெல்டிங், அழுத்தக் கலன்கள் என்று போகும் உலகம் அது. உதிரிபாகக் கம்பெனியில் க்யூசி, அங்கேயும் க்யூசி, எழுத்துதான் ஒன்று, வேலை வேறு. விளம்பரத்தில் கேட்பது வெல்டிங் ஆய்வுக்கான சிஎஸ்டபிள்யூஐபி 3.1, பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிப்பதற்கான ஏஎஸ்என்டி லெவல் 2, அழுத்தக் கலன், குழாய் ஆய்வுக்கான ஏபிஐ 510 அல்லது 570, சில இடங்களில் சவூதி எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் அப்ரூவல். இவை இல்லாமல் ரெஸ்யூமேயை எவ்வளவு வளைத்து எழுதினாலும் பயனில்லை, முதலில் சான்றிதழுக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும். இருந்தால் அவற்றை எண்ணோடும் காலாவதித் தேதியோடும் முதல் பக்கத்தின் தலையில் வையுங்கள். அனுபவத்தைத் திட்டம் வாரியாக எழுதுங்கள்: வாடிக்கையாளர், காண்ட்ராக்டர், திட்டம், காலம், செய்த வேலை. படம், தேசிய இனம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் அங்கே வழக்கம். பாஸ்போர்ட் எத்தனை காலம் செல்லும் என்று எழுதினால் போதும், எண்ணையும் நகலையும் முன்பின் தெரியாத ஏஜென்டுக்கு அனுப்பாதீர்கள். 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்ட்தானா என்று மத்திய அரசின் ஈமைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

(அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் விண்ணப்பிப்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். படம், பிறந்த தேதி, திருமண நிலை, அப்பா பெயர் எதுவும் வேண்டாம். பாகுபாட்டுத் தடைச் சட்டங்களுக்குப் பயந்து அங்கே ஹெச்ஆர் ஆட்களே அவற்றைப் பார்க்க விரும்புவதில்லை. ஜெர்மனியில் 2006 முதல் படம் கட்டாயமில்லை, ஆனாலும் வைப்பவர்கள் இன்னும் உண்டு.)

இந்த வழியின் மறைமுகச் செலவு முரண்தான். மாஸ்டரில் ஒரு தேதியைத் திருத்திவிட்டு மற்ற மூன்றில் மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கும். மூன்று துறைக்கு மேல் வைத்துக்கொண்டால் பராமரிக்க முடியாது. நம் ஆளுக்கும் என் யோசனை, நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் நன்றாக எழுதட்டும் என்பதுதான்.

## வழி 3: ஒவ்வொரு வேலைக்கும் தனியாக

வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள சொற்களுக்கு ஏற்ப வரி வரியாக மாற்றுவது. வெளிநாட்டு யூடியூப் ஆலோசகர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். முதல் அளவுகோலில் இதை அடிக்க ஆளில்லை.

நேரம்தான் கொல்லும். ஒழுங்காகச் செய்தால் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். நம் ஊரில் ஒரு வேலைக்கு வந்து குவியும் விண்ணப்பங்களைப் பார்த்தால், அந்த மாலைப்பொழுது பல நேரம் திரும்பி வராது. பத்து நாள் இப்படிச் செய்துவிட்டுத் தேடுவதையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. வேறு சங்கடங்களும் இருக்கின்றன. ஒரு கம்பெனி பெயர் போட்ட கவர் லெட்டர் இன்னொரு கம்பெனிக்குப் போகும். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது எந்தத் தாளை அனுப்பினோம் என்றே தெரியாது. விளம்பரச் சொற்களை அப்படியே எடுத்து ஒட்டியதில், தெரியாத ஒரு கருவியின் பெயரும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

ஏடிஎஸ் பயம் ஒன்றும் இங்கே சேர்ந்துகொள்கிறது. மென்பொருளே உங்கள் ரெஸ்யூமேயைப் படித்துக் குப்பையில் போட்டுவிடும் என்று பயமுறுத்திப் பொருள் விற்பவர்கள் அதிகம். அது பெரும்பாலும் செய்வது விண்ணப்பங்களைச் சேமித்து, சொற்களை வைத்துத் தேடவும் வரிசைப்படுத்தவும் உதவுவது. தானாக ஆள் கழிவது பெரும்பாலும் படிவத்தில் வரும் கேள்விகளில்: எத்தனை வருட அனுபவம், அந்த ஊருக்கு வருவீர்களா, நோட்டீஸ் எத்தனை நாள். அந்தக் கேள்விகளை அவசரத்தில் தட்டிவிட்டு ரெஸ்யூமேயில் சொற்களைச் செதுக்கிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. மற்றபடி, இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த கேன்வா டிசைன், படமாக ஒட்டிய எழுத்து, மேலே ஹெட்டரிலோ கீழே ஃபுட்டரிலோ வைத்த தொலைபேசி எண் ஆகியவற்றைச் சில மென்பொருள்கள் சரியாகப் படிக்காது. சாதாரண வேர்டு கோப்பில், ஒரே நெடுவரிசையில் எழுதி, பிடிஎஃப் ஆக்கினால் போதும். வெள்ளை எழுத்தில் மறைத்துச் சொற்களைத் திணிக்கும் தந்திரம் வேண்டாம். எழுத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும் திரையில் அது பளிச்சென்று தெரியும்.

இந்த வழி சரியாக வரும் இடம்: மனதார வேண்டும் என்று நினைக்கும் இரண்டு மூன்று வேலைகள், விளம்பரம் விரிவாக எழுதப்பட்டவை, அல்லது உள்ளே ஒருவர் "எங்க மேனேஜர் இதைத்தான் பார்ப்பார்" என்று சொல்லித்தந்தவை. மற்றதற்கெல்லாம் வழி 2இல் எழுதியதை எடுத்து, மேலே இருக்கும் நான்கு வரி சுருக்கத்தையும் திறன்கள் வரிசையையும் மட்டும் மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை.

## வழி 4: எழுதி வாங்குவது

இதில் மூன்று ரகம். பிரவுசிங் சென்டரில் பயோடேட்டா அடித்துத் தருபவர், இணையத்தில் கட்டணம் வாங்கி எழுதும் சேவைகள், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்.

பிரவுசிங் சென்டர் அண்ணன் பத்து வருடப் பழைய டெம்ப்ளேட்டில் உங்கள் பெயரை மாற்றித் தருவார். அடியில் "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்" வரியும் கையொப்ப இடமும் இருக்கும். உள்ளூர்ப் பள்ளி, மருத்துவமனை, கடை வேலைக்கு இது தாராளமாகப் போதும், அங்கே எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கட்டணச் சேவைகள் ஆங்கிலத்தைச் சரிசெய்து தருவார்கள், வடிவமும் அழகாக இருக்கும். ஆனால் எழுதுபவர் ஷாப் ஃப்ளோர் பக்கம் போயிருக்க மாட்டார். நீங்கள் மாஸ்டர் காப்பி தராவிட்டால் அவர் தருவது எந்தக் குவாலிட்டி இன்ஜினியருக்கும் பொருந்தும் தாள். பணம் கட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: எழுதும் முன் உங்களிடம் கேள்வி கேட்டுப் பேசுகிறாரா, பழைய ரெஸ்யூமேயை மட்டும் அனுப்பச் சொல்கிறாரா. பின்னது என்றால் விட்டுவிடலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி இலவசமாக, ஒரு நிமிடத்தில் எழுதித் தரும். அதன் கெட்ட பழக்கம், நீங்கள் சொல்லாததையும் சேர்த்துக்கொள்வது. "உற்பத்தித் திறனை 30% உயர்த்தினார்" என்று ஒரு வரி தானாக முளைத்திருக்கும். நேர்காணலில் "இந்த 30 எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று கேட்டால் அங்கேயே முடிந்தது. பிறகு அந்த ஆங்கிலம். தாளில் அவ்வளவு பளபளப்பும் நேரில் தட்டுத்தடுமாறும் பேச்சும் இருந்தால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். எழுதித்தா என்று கேட்பதைவிட, மாஸ்டர் காப்பியையும் விளம்பரத்தையும் கொடுத்து "இந்த வேலைக்கு எந்த வரிகளை வெட்டலாம், எது விட்டுப்போயிருக்கிறது" என்று கேட்பது உருப்படியான உபயோகம். வெட்டுவதில் நமக்குத்தான் மனம் வராது, அதற்கு அந்தத் தயக்கம் கிடையாது.

## ஒரே பார்வையில்

| வழி | நேரம் | மறைமுகச் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| எல்லாவற்றுக்கும் ஒன்று | ஒருமுறை எழுதினால் போதும் | பதில் வராத காரணம் தெரியாது | அதே துறையில் மாறுபவர், தெரிந்தவர் மூலம் போகிறவர் |
| துறைக்கு ஒன்று | தொடக்கத்தில் இரண்டு மூன்று நாள், பிறகு கொஞ்சம் | தாள்களுக்குள் தேதி, பதவி முரண் | இரண்டு மூன்று துறைகளில் தேடுபவர் |
| வேலைக்கு ஒன்று | ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை | சோர்வு, எதை அனுப்பினோம் என்ற குழப்பம் | மிகவும் விரும்பும் சில வேலைகளுக்கு மட்டும் |
| எழுதி வாங்குவது | மிகக் குறைவு | சொல்லாத சாதனைகள், நமக்கு வராத ஆங்கிலம் | மொழியையும் வடிவத்தையும் சரிசெய்ய |

## எந்த வழியிலும் தொடக் கூடாத வரிகள்

வரிசையை மாற்றலாம், அழுத்தத்தை மாற்றலாம், ஒன்றை விடலாம். கம்பெனி பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர், மதிப்பெண் ஆகியவை எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பல ஐடி நிறுவனங்கள் ஆஃபருக்குப் பிறகு பின்னணிச் சரிபார்ப்பை வெளி நிறுவனத்திடம் கொடுக்கின்றன. அவர்கள் ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு, படிவம் 16 எல்லாம் கேட்பார்கள். பிஎஃப்பின் யுஏஎன் கணக்கு வேறு இருக்கிறது. 2014இல் வந்த அந்த ஒரே எண்ணில் நீங்கள் எங்கே எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்ற வரலாறு அப்படியே தெரியும். நடுவில் நான்கு மாதம் செய்துவிட்டு ரெஸ்யூமேயில் மறைத்த வேலையும் அதில் எட்டிப்பார்க்கும்.

துறை மாறுபவர்கள் அதிகம் கை வைப்பது பதவிப் பெயரில். குவாலிட்டி இன்ஜினியராக இருந்தவர் டேட்டா அனலிஸ்ட் என்று போட்டுக்கொள்வார், "செய்தது அந்த வேலைதானே" என்று நியாயமும் இருக்கும். ரிலீவிங் லெட்டரில் அப்படி இல்லை என்றால் சரிபார்ப்பு அறிக்கையில் முரண்பாடு என்று வரும், ஆஃபர் நிற்கும். லெட்டரில் உள்ள பதவியை அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'தர ஆய்வுத் தரவுப் பகுப்பாய்வு' என்று வேலையின் தன்மையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் உண்மை, இரண்டும் தேடலில் அகப்படும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. வேலை செய்தது பெரிய கார் கம்பெனியின் உள்ளே, சம்பளம் வந்தது காண்ட்ராக்டர் பெயரில். ரெஸ்யூமேயில் கார் கம்பெனி பெயரை மட்டும் போடுவது அங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. பிஎஃப் யார் பெயரில் போனதோ அந்த நிறுவனத்தை முதலில் எழுதி, "இன்ன ஆலையில் பணியமர்த்தப்பட்டு" என்று அடுத்து எழுதினால் பெரிய பெயரின் பயனும் கிடைக்கும், பொய்யும் ஆகாது. அப்ரெண்டிஸாக இருந்த வருடத்துக்கு பிஎஃப் இருக்காது, அதனால் அந்த வருடம் பொய்யாகிவிடாது. தரமணியில் இருக்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் இருந்தால் அதைக் காட்டி, 'அப்ரெண்டிஸ்' என்றே எழுதுங்கள்.

## ரெஸ்யூமே எத்தனை இருந்தாலும் ப்ரொஃபைல் ஒன்று

துறைக்கு ஒரு ரெஸ்யூமே வைத்தாயிற்று. லிங்க்டினில் ஒரே முகம்தானே? நௌக்ரியிலும் ஒரு தலைப்பு வரி, ஒரு திறன் பட்டியல் என்று வைப்பதே தெளிவு. அங்கே எந்தத் துறையைக் காட்டுவது?

இரண்டு தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. நௌக்ரியில் தேடுபவர்கள் அனுபவ வருடத்தையும் இப்போதைய பதவியையும் வைத்துத்தான் சல்லடை போடுகிறார்கள். ஐந்து வருடக் குவாலிட்டி அனுபவம் உள்ளவர் அங்கே டேட்டா அனலிஸ்ட் என்று தலைப்பு வைத்தால், ஐந்து வருட அனலிஸ்ட் பட்டியலில் அடிபடுவார், குவாலிட்டி பட்டியலிலும் காணாமல் போவார். எனவே நௌக்ரியில் இருக்கும் துறையையே காட்டட்டும். லிங்க்டினில் ஆட்கள் பழகுகிறார்கள், எழுதியதைப் படிக்கிறார்கள், அங்கே போக விரும்பும் துறையின் பக்கம் சாயலாம். டாஷ்போர்டு திட்டத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதிப் போடவும் அதுதான் இடம். தேதிகளும் பதவிகளும் மட்டும் இரண்டிலும் ரெஸ்யூமேயிலும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெச்ஆர் ஆட்கள் முதலில் செய்வது உங்கள் பெயரை லிங்க்டினில் தட்டிப் பார்ப்பதுதான்.

அப்புறம், தலைப்பு வரியை மாற்றும் முன் நௌக்ரி செட்டிங்கில் போய் இப்போதைய கம்பெனியையும் அதன் குழும நிறுவனங்களையும் பிளாக் செய்துவிடுங்கள். லிங்க்டினில் 'வேலை தேடுகிறேன்' என்ற குறியை ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். உங்கள் கம்பெனி ஹெச்ஆர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம் என்கிறார்களே தவிர, முழு உத்தரவாதம் தருவதில்லை. போனஸ் மாதம் நெருங்குகிறது என்றால் அந்தக் குறியைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்.